ஒன்றும் நடக்காத வயது

அனிமே பார்க்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் இரண்டு விதமாகக் கேட்பார்கள். "இன்னுமா கார்ட்டூன் பாக்குற?" என்பது ஒன்று. அனிமே தெரிந்தவர்கள் கேட்பது இன்னொன்று: "சண்டை எப்படி இருக்கும்?" நான் பார்ப்பவற்றில் சண்டை கிடையாது. இருபதைத் தாண்டிய சிலர் வேலைக்குப் போகிறார்கள், வாடகை அறைக்குத் திரும்புகிறார்கள், எதையோ சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். 'ஸ்லைஸ் ஆஃப் லைஃப்' என்று இந்த வகைக்குப் பெயர். "இதை எதுக்குப்பா உக்காந்து வரையணும்? கேமராவ வெச்சு எடுத்துட்டுப் போலாமே" என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

கேமராவுக்கு முன்னால் ஒரு நடிகை தேநீர் குடித்தால் கோப்பையின் ஆவி, மேசையில் கிடக்கும் ரசீது, அவளுடைய காதோர முடி எல்லாம் தானாகவே படத்துக்குள் வந்துவிடும். அனிமேஷனில் தானாக வருவது என்று ஒன்றுமே இல்லை. மேசையில் ரசீது கிடக்கிறதா? அது அங்கே கிடக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்து, ஒருவர் வரைந்து, ஒருவர் வண்ணம் தீட்டியிருக்கிறார். ராட்சச எந்திரங்களை வரைய இவ்வளவு உழைப்பு போட்டால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதே உழைப்பை ஒரு பெண் சோர்வாகக் காலணியைக் கழற்றுவதற்குப் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தச் சோர்வை யாரோ பொருட்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இசாவோ தகாஹதா கிப்லி நிறுவனத்துக்காக 1991இல் இயக்கிய 'ஒன்லி யெஸ்டர்டே' இதற்குப் பழைய உதாரணம். டோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் தயேகோவுக்கு வயது 27. 1982இன் கோடையில் விடுமுறை எடுத்துக்கொண்டு யமகதாவுக்குக் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். போகும் வழியெல்லாம் 1966இல் ஐந்தாம் வகுப்பு படித்த தன் நினைவு வருகிறது. ஒருநாள் வீட்டில் முதன்முதலாக அன்னாசிப் பழம் வாங்குகிறார்கள். எப்படி நறுக்குவதென்றே யாருக்கும் தெரியவில்லை. ஆசையாகச் சுற்றி உட்கார்ந்து கடித்துப் பார்த்தால் புளிப்பு. ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். தயேகோ மட்டும் விடாப்பிடியாக மென்றுகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. கதைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் எதிர்பார்த்த இனிப்பு கிடைக்காதபோது ஒருவர் என்ன செய்வார் என்பது அதில் இருக்கிறது. 27 வயதுத் தயேகோவுக்கும் அதுதான் பிரச்சினை.

அந்த 27 வயது முகத்தை தகாஹதா வரையவைத்த விதமும் கவனிக்க வேண்டியது. நடிகர்களின் குரலை முதலில் பதிவுசெய்துவிட்டு அதற்கேற்ப வரைந்தார்கள். அதனால் தயேகோ சிரிக்கும்போது கன்னத்தில் கோடு விழும். அனிமேயில் இளம்பெண் முகத்துக்கு அது வழக்கமில்லை. அசிங்கமாக இருக்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோடுதான் படம். குழந்தைப் பருவம் முடிந்துவிட்டது, வாழ்க்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று இருக்கும் ஒருத்தியின் முகத்தில் காலம் மட்டும் ஆரம்பித்துவிட்டது.

என் இருபதுகளில் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு வருடங்கள் உண்டு. அந்தக் காலத்தில் என்ன செய்தாய் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் "சும்மாதான் இருந்தேன்" என்பேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வேலை கிடைத்த நாள் ஞாபகம் இருக்கும், கல்யாண நாள் ஞாபகம் இருக்கும். நடுவில் இருந்த எழுநூறு நாட்கள் 'சும்மா' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடும். இந்த அனிமேக்கள் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுகின்றன.

பி.ஏ. வொர்க்ஸ் தயாரித்து 2014 அக்டோபரிலிருந்து 2015 மார்ச் வரை 24 எபிசோடுகளாக வந்த 'ஷிரோபாகோ'வைப் பார்த்தபோது இது எனக்கு உறைத்தது. அனிமே எடுப்பவர்களைப் பற்றிய அனிமே அது. பள்ளியில் சேர்ந்து ஒரு படம் பண்ணிய ஐந்து தோழிகள், பெரியவர்களானதும் மறுபடி சேர்ந்து ஒன்று பண்ணுவோம் என்று டோனட் மேல் சத்தியம் செய்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு மூலை. மியாமொரி தயாரிப்பு உதவியாளராகி, வரைந்த தாள்களை ராத்திரியில் காரில் சுமந்து அலைகிறாள். எமா அனிமேட்டர், வேகமாக வரைந்தால் தரம் போகிறது, தரமாக வரைந்தால் பணம் போகிறது. மிசாவுக்கு நல்ல சம்பளம், ஆனால் கம்ப்யூட்டரில் கார் சக்கரங்களாகவே செய்துகொண்டிருக்கிறாள். மிதொரி எழுத்தாளராக ஆசைப்படும் கல்லூரி மாணவி.

ஐந்தாமவள் ஷிசுகா, குரல் நடிகை. ஆடிஷனுக்குப் போகிறாள், கிடைக்கவில்லை. மறுபடி போகிறாள், கிடைக்கவில்லை. ஒரு காட்சியில் தனியாக உட்கார்ந்து பீர் குடித்தபடி டிவி பார்க்கிறாள். அதில் தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி வெற்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஷிசுகா அழவில்லை, தொலைபேசியில் யாரிடமும் புலம்பவில்லை. பார்க்கிறாள், அவ்வளவே. கடைசியில் 23ஆம் எபிசோடில் ஒரு சின்னப் பாத்திரம், ஓரிரு வரி வசனம் கிடைக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் மியாமொரி அதைக் கேட்டு உடைந்து அழுகிறாள். அந்த வரி தன்னளவில் பெரிய வசனம் ஒன்றுமில்லை. முந்தைய 22 எபிசோடுகளின் காத்திருப்பு அதற்குப் பின்னால் நிற்கிறது.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இளம் அனிமேட்டர்களுக்கு அது வாழப் போதாது என்பது அந்தத் துறையில் ஊரறிந்த விஷயம். 'ஷிரோபாகோ' அதைத் தொடுகிறது, பிறகு தோழமையின் சூட்டில் கரைத்துவிடுகிறது. ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்குத் தன் கையால் சமைத்துப்போடும் முதலாளியைப் பார்த்து நெகிழ்கிறோம். சம்பளத்தை உயர்த்தினால் அவர்களே சமைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கத் தோன்றுவதில்லை. அதைவிடப் பெரிய கேள்வி: அந்த ஓரிரு வரி கிடைக்காமலே போயிருந்தால்? ஷிசுகாவின் நாட்கள் வீண்தானா?

இந்தக் கேள்விக்கு நான் அறிந்த நேர்மையான பதில், சிகா உமினோவின் மங்காவிலிருந்து 2005, 2006இல் இரண்டு பருவங்களாக வந்த 'ஹனி அண்ட் க்ளோவர்'. டோக்கியோவில் குளியலறைகூட இல்லாத பழைய அறையில் தங்கி கலைக் கல்லூரியில் படிக்கும் தகேமொதோ, ஹகு என்ற பெண்ணை விரும்புகிறான். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாமல் ஒருநாள் சைக்கிளை மிதிக்கத் தொடங்கி ஜப்பானின் வடகோடி வரை போகிறான். திரும்பி வந்து காதலைச் சொல்கிறான். கைகூடவில்லை. கதை அவனுக்கு வேறு பெண்ணைக் கொண்டுவந்து ஈடுகட்டவும் இல்லை. அவன் ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் ஹகு ஒரு பொட்டலம் தருகிறாள். வழியில் பிரித்துப் பார்க்கிறான்: தேன் தடவிய ரொட்டி, உள்ளே நான்கு இலை க்ளோவர்கள். அதிர்ஷ்டம் தரும் என்று நம்பப்படும் இலை, தேடினால்தான் கிடைக்கும். இத்தனையைத் தேட அவள் எவ்வளவு நேரம் புல்லில் குனிந்திருப்பாள்! அவன் அழுதுகொண்டே சாப்பிடுகிறான்.

கைகூடாத ஒன்றுக்கு அர்த்தம் உண்டா என்று அத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தவன் அவன். உண்டு என்று அப்போது அவனுக்குத் தெரிகிறது. இங்கே பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஒருவர் அவனுக்காகச் செலவழித்த நேரம் மட்டும் கையில் இருக்கிறது. ரொட்டிக்குள் இருக்கும் அந்த இலைகளையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்துதான் இருக்கிறார்.