கலைக்கும் தூரிகை

பாடுபட்டுத் தீட்டிய சித்திரத்தை, அதன் வர்ணம் உலருமுன்பே, ஓவியன் தன் கையாலேயே கலைத்துவிடுவானாயின், அச்செயலை நாம் எவ்வாறு மதிப்பது? 1932இல் டிரெஸ்டன் நகரில் பிறந்து, 1961இல் கிழக்கு ஜெர்மனியை நீங்கி, டுஸ்ஸல்டார்ஃபில் மீண்டும் மாணாக்கராகச் சேர்ந்த கெர்ஹார்ட் ரிக்டரின் புகைப்பட ஓவியங்கள் யாவும் இவ்வினாவின்மீதே நிற்கின்றன. ஒரு புகைப்படத்தின் பிம்பத்தைக் கித்தான்மீது ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கி, கோடுகளைப் பிசகாமல் பிரதி செய்து, பெரும்பாலும் சாம்பல் நிறங்களால் தீட்டியபின், எண்ணெய் வர்ணத்தின் ஈரம் போகுமுன் உலர்ந்த மென்தூரிகையால் வருடி விளிம்புகளைக் குழைத்துவிடுவது அவர் வழக்கமாயிருந்தது. இதனால் விளையும் மங்கல் சில இடங்களில் மகத்தான நியாயம் பெறுகிறது. சில இடங்களிலோ வெறும் அலங்காரமாய் நின்றுவிடுகிறது.

1965இல் அவர் வரைந்த ‘மாமா ரூடி’யை எடுத்துக்கொள்வோம். நீண்ட ராணுவ மேலங்கியும் தொப்பியும் அணிந்து, ஒரு சுவரின் முன்னே முகம் மலரச் சிரித்து நிற்கும் அவ்வாலிபர் ஓவியரின் தாய்மாமன், போரில் மாண்டவர். குடும்ப ஆல்பத்திலே பாசத்துக்குரியவராயும், சரித்திரத்திலே நாஜிப் படையின் சிப்பாயாயும் விளங்கும் ஒருவரைத் தெளிவாகத் தீட்டினால் அது அஞ்சலியாகிவிடும். விகாரமாகத் தீட்டினால் பொய்யாகிவிடும். மங்கலோ இவ்விரண்டுக்கும் இடங்கொடாது, அன்பும் வெட்கமும் ஒருசேர எழும் அந்நிலையை அப்படியே பாதுகாக்கிறது. 1942இல் நாஜிகள் அழித்தொழித்த லிடிட்சே கிராமத்தின் நினைவுச் சேகரிப்பில் இவ்வோவியம் இடம்பெற்றிருப்பது அதன் பொருளை இன்னும் ஆழமாக்குகிறது.

ஆயினும், மங்கல் தானாகச் சாட்சி சொல்லுமா? அதே 1965இல் வரையப்பட்ட வேறு இரு சித்திரங்கள் இதற்கு விடையளிக்கின்றன. மனநோயாளரைக் கொன்றொழித்த நாஜித் திட்டத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்து, போருக்குப்பின் பொய்ப்பெயரில் வாழ்ந்த மருத்துவர் வெர்னர் ஹைடே, 1959இல் அதிகாரிகளிடம் சரணடைந்ததைக் காட்டும் ‘திரு ஹைடே’ ஓவியத்தில், பத்திரிகைப் படத்தின் அடிக்குறிப்பையும் ரிக்டர் சேர்த்தே தீட்டியிருக்கிறார். ஆதலால் அது தானே பேசுகிறது. ‘அத்தை மரியான்’ ஓவியத்திலோ குழந்தை ரிக்டரும் அவருடைய சிற்றன்னையும் மட்டுமே தென்படுகின்றனர். அப்பெண்மணி நாஜி ஆட்சியில் மனநோயாளியெனப் பலவந்தமாகக் கருத்தடை செய்யப்பட்டு, 1945இல் பட்டினியால் மடிந்தவர் என்பதைக் கித்தானிலிருந்து எவரும் அறியவியலாது. புறத்தகவலின்றி அது இனியதொரு குடும்பப் படமாகவே தோன்றும். இஃது இம்முறையின் முதற்குறை.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. மேற்கு ஜெர்மனியின் தீவிரவாதத் தலைவர்கள் சிறையில் இறந்துகிடந்த நாளைப் பெயராய்க் கொண்ட ‘1977 அக்டோபர் 18’ என்னும் 15 ஓவியங்களின் தொகுதியில் (1988), அவர்களுடைய தோழியாயிருந்து முன்னரே மாண்ட உல்ரிக்கே மைன்ஹோஃபின் சடலம் மும்முறை வரையப்பட்டிருக்கிறது. கழுத்தில் கயிற்றின் தடம் புலப்படும் அம்முகம் ஒவ்வொன்றிலும் சிறுத்து மங்க, பார்வையாளரின் கொடிய ஆவல் கூசி அடங்குகிறது. இது மேன்மையான கலை. எனினும் அத்தீவிரவாதிகளால் கொலையுண்டோர் ஒருவரும் இத்தொகுதியில் இடம்பெறவில்லை. கருணை ஒரு பக்கத்துக்கே கிட்டிவிட்டது என்னும் ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 1980களின் ஆரம்பத்தில் அவர் வரைந்த மெழுகுவர்த்திகளிலோ மறைக்கவோ தயங்கவோ வேண்டிய விஷயமே இல்லாமையால், அதே மென்மை வெறும் இனிமையாய்த் தேய்ந்துவிடுகிறது.

ஆகவே நான் கொள்ளும் முடிபு இது: தெளிவாகக் காணவேண்டிய கடமையும் காணக் கூசும் மனமும் மோதுமிடத்திலேதான் இந்தத் தூரிகைக்கு அதிகாரம் உண்டு. அம்மோதலின்றி ரிக்டரின் மங்கலை மாத்திரம் இரவல் பெறும் ஓவியன், அவருடைய கைத்திறனைக் கற்றவனாவானேயன்றி, அவரை அதற்குத் தூண்டிய மனச்சாட்சியைக் கற்றவனாகான்.