கசிவா, களவா?

நடிகையரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவும்போதெல்லாம் செய்தித்தாள்கள் ஒரே தொடரைக் கையாளுகின்றன: ‘படங்கள் கசிந்தன’. மென்மையான சொல்தான், ஆயினும் சற்றே ஆராய்ந்தால் அது பொருந்தாச் சொல் என்பதும், தீங்கு செய்யும் சொல் என்பதும் புலனாகும்.

‘கசிதல்’ செயப்படுபொருள் குன்றிய வினை. பானையிலிருந்து நீர் கசிகின்றது என்றால், அங்கே செய்பவன் எவனும் இல்லை, குறை பானையினுடையது. ‘படங்கள் கசிந்தன’ என்றெழுதும்போது படங்களே எழுவாயாகின்றன. கவர்ந்தவனுக்கு வாக்கியத்தில் இடமில்லை. ‘படங்களைத் திருடினர்’ என்றெழுதினாலோ, ‘யார் திருடினர்?’ என்ற வினா உடனே எழும்.

நடந்தது என்ன? 2014 ஆகஸ்டு இறுதியில் ஜெனிஃபர் லாரன்ஸ் முதலிய அமெரிக்க நடிகையர் பலரின் படங்கள் வெளியாயின. தன் ஐகிளவுட் அமைப்பு உடைக்கப்படவில்லை என்றும், குறிப்பிட்ட சிலரின் பயனர்பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வினாக்கள் ஆகியவையே குறிவைக்கப்பட்டன என்றும் ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. பின்னர், ஆப்பிளும் கூகிளும் அனுப்பியவை போன்ற பொய் மின்னஞ்சல்களால் கடவுச்சொற்களைக் கவர்ந்த பென்சில்வேனியாக்காரர் ஒருவருக்கு 2016-இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் புகுந்தவை 50 ஐகிளவுட் கணக்குகளுக்கும் 72 ஜிமெயில் கணக்குகளுக்கும் குறையா. படங்களை வெளியிட்டவர் அவரே என்பதற்குச் சான்று கிட்டவில்லை. புகுந்து எடுத்ததே குற்றமாயிற்று. இதில் கசிந்தது எது?

‘மேகம்’ என்ற பெயரும் மயக்கம் தருவதே. வானத்து மேகம் எவர்க்கும் உடைமையன்று. இந்த மேகமோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகளில் உள்ள பூட்டிய பெட்டி. திறவுகோல் உடையவரிடம் இருக்கின்றது.

பூட்டு உறுதியாக இல்லையே என்பாரும் உளர். உறுதியான கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டுவனவே. ஆயினும், பூட்டு தளர்ந்திருந்தால் களவு களவாகாமற் போய்விடுமா?

இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. 2020 சனவரியில் தென்கொரிய நடிகர் ஜூ ஜின்-மோவின் கைப்பேசித் தகவல்களைத் திருடியவர்கள், அவற்றைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டியதாக அவருடைய நிறுவனம் அறிவித்தது. அதே கும்பலின் மிரட்டலுக்கு ஆளான நடிகர் ஹா ஜங்-வூ, மிரட்டியவனோடு பேச்சை நீட்டித்துக்கொண்டே காவல்துறைக்குத் தகவல் தந்தார் என்பதும் அவ்வாண்டே வெளிவந்தது. இத்தகைய பணப்பறிப்புக்கு முதலீடு திருடிய படமன்று. ‘ஊரார் நகைப்பரே’ என்னும் அச்சமே. களவைக் கசிவென்று எழுதும் ஏடு, நாணத்தைத் திருடனிடமிருந்து எடுத்துத் திருட்டுக் கொடுத்தவர் தலையில் வைக்கின்றது. பறிப்போனின் முதலுக்கு அது வட்டி சேர்ப்பதாகும்.

2014-ஆம் ஆண்டிலேயே ஜெனிஃபர் லாரன்ஸ் ‘வேனிட்டி ஃபேர்’ இதழுக்கு அளித்த பேட்டியில் சொல்லைத்தான் முதலில் திருத்தினார். இஃது ஊர் தூற்றும் பழிக்கதையன்று, பாலியல் குற்றம் என்றார். அப்படங்களைப் பார்த்தோரும் அக்குற்றத்துக்குத் துணைநின்றவரே என்றார். செய்தி எழுதுவோர் பலர் இன்னும் அத்திருத்தத்தை ஏற்கவில்லை.

தமிழாசிரியர் இதனை ஏற்கலாம். செய்தித்தாளை வகுப்பிற்குக் கொண்டுவரும் நாளில் ‘கசிந்தன’ என்ற தொடர் கண்ணிற் பட்டால், அதனை எழுவாயும் செயப்படுபொருளும் அமைய மாற்றியெழுதச் செய்யலாம். குற்றம் செய்தவனை எழுவாயில் நிறுத்தப் பழகிய மாணவன், பாதிக்கப்பட்டவரைப் பார்த்து நகைக்க மாட்டான்.