தெர்மாகோல் மேல் தப்பில்லை

செல்லூர்க்காரன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 2017 ஏப்ரலில் எங்க ஊர் பெயரைத் தன் பெயரோடு வைத்திருக்கும் அமைச்சர், வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று அதையெல்லாம் கரைக்குத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு அடையாளமே அதுதான்.

நானும் சிரித்தவன்தான். ஆனால் போன சித்திரையில் அதே தப்பை நான் வேறு மாதிரி செய்தேன். அதனால் இந்தப் பதிவு.

மச்சானிடம் பழைய குட்டி யானை ஒன்று இருக்கிறது. பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, மேலே தகரக் கூரை, பக்கத்தில் தார்ப்பாய். கூரையைத் தூக்கினால் உள்ளே நிற்கலாம், இறக்கினால் ஓட்டலாம். அமெரிக்காவில் பிக்கப் வண்டி மேல் இப்படி அமைத்து ஊர் சுற்றுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் வேலையில் இறங்கினேன். கூரைக்கு அடியில் பளபளக்கும் ஃபாயில், அதன்மேல் ஒட்டியபடி ஒரு இன்ச் தெர்மாகோல், இடுக்கெல்லாம் டேப். குடும்பத்தோடு அழகர்கோவில் கிளம்பினோம். மத்தியானம் நிழல் கிடைக்காத இடத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே நாலு பேர் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அம்மா, "இட்லிச் சட்டிக்குள்ள உக்கார வச்ச மாதிரி இருக்குடா" என்றார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, வெளியே வேப்பமரம் தேடிப் படுக்க வைத்த பிறகுதான் தெளிந்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கூரை சுமார் 3.3 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் விழும். அதாவது தலைக்கு மேல் மூன்று இஸ்திரிப் பெட்டி எரிகிறது. தகரம் 65 டிகிரி, உள்ளே 38 என்று வைத்துக்கொண்டால், ஒரு இன்ச் தெர்மாகோல் வழியாக உள்ளே இறங்குவது 100 வாட் அளவுதான். தெர்மாகோல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது!

பிறகு எங்கே தப்பு? சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒருவனே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறான். நாலு பேருக்கு 400. வெயிலை விட நாங்கள்தான் பெரிய அடுப்பு. 38 டிகிரியில் உடம்பு வியர்வை காய்ந்துதான் சூட்டை இறக்க முடியும். அடைத்த பெட்டிக்குள் ஈரம் ஏற ஏற வியர்வை காயாது. அம்மா சொன்ன இட்லிச் சட்டி, உவமை இல்லை, இயற்பியல்.

அந்த வீடியோக்களின் மேல் என் விமர்சனம் இதுதான். அவற்றில் பெரும்பாலானவை பனியில் படுக்கிறவர்களுக்கானவை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாதே என்பது அவர்கள் பாடம். மதுரைக்கு அது தலைகீழ். வெயிலைக் கூரைக்கு வெளியிலேயே நிறுத்து, உள்ளே இருக்கும் சூட்டைத் துரத்து. ஃபாயில் கதையும் அப்படித்தான். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது கதிர்வீச்சைத் தடுக்கும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் அது வெறும் அலுமினியத் தாள். போதாததற்கு, கூரைச் சட்டத்தின் இரும்பு தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். நான் அதை மூடவே இல்லை. தெர்மாகோலைத் திறந்தபடி விட்டு உள்ளே ஸ்டவ் வேறு வைத்திருந்தோம். தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அழகரைப் பார்க்க அம்மாச்சி காலத்தில் கூண்டு வண்டி கட்டிப் போவார்கள். மேலே மூங்கில் பாய், கீழே வைக்கோல், முன்னும் பின்னும் திறப்பு. பாய் சூட்டைச் சேர்த்து வைக்காது, காற்று குறுக்கே ஓடும். வெயில் நேரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் கிடப்பார்கள், பயணம் ராத்திரியில். பழசெல்லாம் விஞ்ஞானம் என்று சொல்ல வரவில்லை. கொடைக்கானல் மார்கழிக் குளிரில் அதே வண்டியில் படுத்தால் விறைத்துப் போவோம். அந்த வண்டி இந்த ஊர் வெயிலுக்குச் செய்தது, அவ்வளவுதான்.

இப்போது கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அதற்கு மேல் இரண்டு இன்ச் இடைவெளி விட்டு இன்னொரு தகரம் போட்டிருக்கிறோம். பழைய லேண்ட் ரோவர்களில் வெப்ப நாடுகளுக்கென்று இப்படி இரட்டைக் கூரை உண்டு. பக்கத்தில் உயரமாக எதிரெதிரே இரண்டு திறப்பு, மூடி போட்டு. குளிர் ஊருக்குப் போனாலும் முழுசாக அடைக்கக் கூடாது. மூச்சு ஈரம் இரும்பில் பட்டு விடியற்காலையில் மேலே சொட்டும். தெர்மாகோல் அப்படியே இருக்கிறது, மேலே பிளைவுட் மூடி.

வைகையிலும் யோசனை முழுக்கத் தப்பில்லை. தண்ணீரை மூடினால் ஆவியாவது குறையும். காற்று அடிக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் ஆள் மூச்சு விடும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் அட்டையோடு போயிற்று, நான் அம்மாவை வைத்துச் சோதித்தேன்.

வரும் சித்திரைக்கு வண்டி தயார். அம்மாதான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "மொத நீ மத்தியானம் ஒரு மணி நேரம் உள்ள உக்காந்து காட்டுடா" என்கிறார். நியாயம்தானே?