நூறு கிராம் குற்றம்

இமயமலைக்கு நடைபயணம் வருகிற வெளிநாட்டுக்காரர்களின் பையில் அடிக்கடி தட்டுப்படும் பொருள், கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் மினி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடை நூறு கிராம். தலையில் கட்டைவிரல் நுனியளவு ஆன்டெனா, பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் எஸ்ஓஎஸ் பொத்தான், பையில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. இதில் பேச முடியாது. 160 எழுத்துக்குள் குறுஞ்செய்தி அனுப்பலாம். இருக்கும் இடத்தைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குத் தெரியப்படுத்தலாம். செல்போன் சிக்னல் எட்டாத ஸ்பிதியிலோ சன்ஸ்காரிலோ கால் முறிந்து கிடப்பவருக்கு அந்தப் பொத்தான்தான் கதி.

இதையே இந்திய விமான நிலையத்தின் ட்ரேயில் வைத்தால் போலீஸ் வரும். 2024 டிசம்பரில் கோவாவில் ஒரு கனடாக்காரர் இப்படி மாட்டினார். 2025 ஜனவரியில் புதுச்சேரி விமான நிலையத்தில், இன்ரீச் அல்ல, சாட்டிலைட் போனோடு ஓர் அமெரிக்கப் பயணி. அதே ஆண்டு டெல்லியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒருவர். அவர் கருவியை ஒளித்துவைக்கவில்லை, தானே எடுத்து ட்ரேயில் வைத்தார். இத்தகைய வழக்குகளில் போலீஸ் கையில் எடுப்பது 1885-ன் இந்தியத் தந்திச் சட்டத்தையும் 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும். உரிமம் இல்லாமல் அலைபரப்பும் கருவியை வைத்திருந்தாலே போதும், பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. 1933 சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் முட்டாள்தனம் என்று ஒரு வரியில் சிரித்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசுத் தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு பார்த்துவிட வேண்டும்.

சாதாரண செல்போன் அழைப்பு இந்தியாவுக்குள் இருக்கும் கோபுரத்தையும் இணைப்பகத்தையும் தொட்டுத்தான் போகிறது. சட்டப்படி உத்தரவு இருந்தால் புலனாய்வுத் துறை அதைக் கேட்கலாம். இன்ரீச் பயன்படுத்தும் இரிடியம் வலையமைப்பில் 66 செயற்கைக்கோள்கள். அவை ஒன்றுக்கொன்று வானத்திலேயே பேசிக்கொள்கின்றன. லடாக்கில் அனுப்பிய செய்தி செயற்கைக்கோளிலிருந்து செயற்கைக்கோளுக்குத் தாவி, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் தரையிறங்கலாம். இந்திய மண்ணை அது தொடவே வேண்டாம். அனுப்பியவர் யார், எங்கிருந்து, யாருக்கு என்று எதுவும் இங்கே பதிவாகாது. எல்லை மாநிலங்களில் கிளர்ச்சியையும் கடல் வழியாகக் கடத்தலையும் சந்திக்கிற ஒரு நாடு இதைக் கண்டு முகம் சுளிப்பது நியாயம்தான்.

இது கற்பனைப் பயமும் அல்ல. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கைவிட்டுப்போன குபேர் படகில் துரையா சாட்டிலைட் போன் கிடைத்தது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் டன்கணக்கில் மெத்தாம்ஃபெட்டமைனோடு பிடிபட்ட மியான்மர் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. அடுத்த மாதமே மணிப்பூரில் ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் கருவி ஒன்றும் கைப்பற்றப்பட்டது. அதனால் ‘செயற்கைக்கோள் தொடர்பே கூடாது’ என்று அரசு முடிவுகட்டிவிடவில்லை. இன்மார்சாட் சேவையை பிஎஸ்என்எல் வழியாக அனுமதித்திருக்கிறது. 2025-ல் ஸ்டார்லிங்குக்கே உரிமம் கொடுத்திருக்கிறது. முக்கிய நிபந்தனை: தகவல் போக்குவரத்து இந்திய நுழைவாயில் வழியாக வர வேண்டும். ஓகிப் புயலில் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் மீனவர்கள் கரையோடு பேச வழியில்லாமல் மாண்டதற்குப் பிறகு, விசைப்படகுகளில் இஸ்ரோ வடிவமைத்த இருவழிச் செய்திக் கருவிகள் பொருத்தப்பட்டுவருகின்றன. ஆபத்தில் இருப்பவருக்கு வானத்தின் வழியே உதவி கேட்கும் உரிமையை அரசு மறுக்கவில்லை, அந்த வழி தன் கண்ணில் பட வேண்டும் என்கிறது. தடையின் நோக்கத்தில் எனக்குக் குறை சொல்ல இடமில்லை.

குறை, தடை எங்கே எப்படி விழுகிறது என்பதில். மும்பைத் தாக்குதலை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. நகரத்துக்குள் நுழைந்தபின் தாக்கியவர்கள் தங்களை இயக்கியவர்களோடு பேசியது சாதாரண செல்போனிலும் இணையவழி அழைப்பிலும். படகில் விட்டுப்போன சாட்டிலைட் போன் கடைசியில் வழக்கின் சாட்சியமாகத்தான் பயன்பட்டது. மும்பைக் கருவியும் அந்தமான் கருவியும் வந்தது கடல் வழியாக. ஸ்கேனருக்கு முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு நிற்கிற வரிசையில் இல்லை.

மேலே சொன்ன மூன்று விமான நிலையச் சம்பவங்களிலும் பயணி ஏறப்போனது உள்நாட்டு விமானம். அதாவது வெளிநாட்டிலிருந்து அந்தக் கருவி வந்து இறங்கி, சுங்கத்தைக் கடந்து, நாட்டுக்குள் நுழைந்தாகிவிட்டது. தடுக்க வேண்டிய வாசலில் யாரும் தடுக்கவில்லை. பிடித்தது விமானத்தின் பாதுகாப்புக்காக நிற்கும் பாதுகாப்புப் படையினர். குண்டோ கத்தியோ இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அந்த வகையில் இன்ரீச்சால் விமானத்துக்கு ஒரு செல்போனால் வருவதைவிட அதிக ஆபத்து எதுவும் இல்லை. கம்பியில்லாத் தந்திச் சட்டத்தை எடைபோடும் பயிற்சியோ, மன்னித்து அனுப்பும் அதிகாரமோ அவர்களுக்குக் கிடையாது. போலீஸிடம் ஒப்படைப்பார்கள். விமானம் போய்விடும், பிறகு ஸ்டேஷன், எஃப்ஐஆர், வக்கீல், மொழிபெயர்ப்பாளர், நீதிமன்றத் தேதி. முடிவில் பெரும்பாலும் ஒரு சிறு அபராதம். 1933 சட்டம் விதிக்கிற அதிகபட்ச அபராதமே ஆயிரம் ரூபாய். அந்தச் சீட்டைக் கையில் வாங்குவதற்குள் வக்கீலுக்கு அதைப்போல எத்தனை மடங்கு போயிருக்கும்!

தெரியாமல் செய்தேன் என்பதை மன்னிக்கலாமா? இங்கே ஒரு கவனம் தேவை. பையின் ஓரத்தில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்களின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை ரத்து செய்திருக்கின்றன. ‘அறிந்து வைத்திருத்தல்’ இல்லை என்பது அங்கே காரணம். அந்தத் தர்க்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. இன்ரீச் வைத்திருப்பவருக்குத் தன் பையில் அது இருப்பது நன்றாகவே தெரியும், தெரியாதது சட்டம். சட்டம் தெரியாது என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் அரசின் பயண அறிவுரையே இந்தியாவில் இது சட்டவிரோதம் என்று எச்சரிக்கிறது. பயணிகளுக்கு அறிவிக்கும்படி 2025 ஜனவரியில் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டது. ஆகவே பயணி முழு அப்பாவி என்று நான் வாதாட மாட்டேன். படிக்க வேண்டியதைப் படிக்காத அசட்டை இருக்கிறது. கேள்வி, அந்த அசட்டைக்குக் கைது தகுமா என்பது.

இதற்கு விடைசொல்ல உதவுவது அதே வரிசையில் அடுத்த ட்ரேயில் கிடக்கும் ஐபோன். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல், சிக்னல் இல்லாத இடத்திலிருந்து குளோபல்ஸ்டார் செயற்கைக்கோளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் வன்பொருள் உள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சேவை வழங்கப்படுவதில்லை, அவ்வளவுதான். 1933 சட்டத்தின் சொற்களை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், அமெரிக்காவில் வாங்கிய ஐபோனோடு ஊருக்கு வரும் நம் பிள்ளைகளும் அதே கூண்டில் நிற்க வேண்டியவர்கள்தான். யாரையும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் அப்படி விடும்போது அரசு ஒரு கொள்கையை வாய்திறக்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறது: இந்த மண்ணில் பயன்படாதபடி இருந்தால், கருவி கையில் இருப்பதே குற்றம் ஆகாது. இன்ரீச் இங்கே வேலை செய்யும், ஐபோனின் செயற்கைக்கோள் வசதி வேலை செய்யாது என்ற வேறுபாடு உண்மையானது. அந்த வேறுபாடு கருவியை முடக்கி வைக்கச் சொல்கிறதே தவிர, ஆளைப் பிடித்து வைக்கச் சொல்லவில்லை.

பெட்டியைத் தேட உதவும் ஏர்டேக்கையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அது செயற்கைக்கோளோடு பேசுவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் ஐபோன்களோடு புளூடூத்தில் முணுமுணுக்கும் ஒரு வில்லை. அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் குறைந்த திறன் கருவிகளை இந்தியா 2005-லேயே உரிமத்திலிருந்து விடுவித்துவிட்டது. 2022-ல் லுஃப்தான்சா இதைத் தடைசெய்யப்போவதாகச் சொல்லி, சில நாளில் பின்வாங்கிய கூத்தும் லித்தியம் மின்கலத்தையும் விமானப் பாதுகாப்பையும் பற்றியது, ஒட்டுக்கேட்பதைப் பற்றியது அல்ல. பெட்டியில் தாராளமாகப் போடலாம்.

இனி தீர்ப்பு. உரிமமில்லாத செயற்கைக்கோள் தொடர்புக்குத் தடை இருக்கட்டும். அதை விமானம் ஏறும் வாசலில் குற்றவியல் வழக்காக நடத்துவது தவறு, பலனும் இல்லாதது. இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். 1962 சுங்கச் சட்டத்தின் 80-வது பிரிவு, தடைசெய்யப்பட்ட பொருளைப் பயணி உண்மையாக அறிவித்தால், அதைச் சுங்க அதிகாரி வாங்கி வைத்து அவர் நாட்டைவிட்டுப் போகும்போது திருப்பித்தர இடம்கொடுக்கிறது. சுங்க அறிவிப்புப் படிவத்தில் சாட்டிலைட் போன் என்று ஒரு வரியும் இருக்கிறது. பேசவே முடியாத கருவியை வைத்திருப்பவர் அந்த வரிக்கு ‘இல்லை’ என்று நேர்மையாகவே பதில் சொல்லிவிட்டுப் போகிறார். செய்தி அனுப்பும் கருவி, எஸ்ஓஎஸ் கருவி என்று அந்த வரியை விரித்து, வந்திறங்கும் கூடத்தில் கருவியின் படத்தோடு ஒரு பலகை வைத்து, ரசீது போட்டு வாங்கிவைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீறி உள்ளே வந்து ட்ரேயில் வெளிப்படையாக வைப்பவரிடம் கருவியைப் பறிமுதல் செய்து, அங்கேயே தண்டம் விதித்து விமானத்தில் ஏற்றிவிடலாம். இரண்டு பழைய சட்டங்களுக்கும் மாற்றாகக் கொண்டுவந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதன் விதிகளில் இதைச் சேர்க்க இதுவே நேரம்.

ஆடைக்குள் சுற்றி ஒளித்துவைத்தவர், எல்லைப் பகுதியில் அதைப் பயன்படுத்திய தடயம் உள்ளவர், கேட்டபோது பொய் சொன்னவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை எதுவும் வேண்டாம். அவர்கள்மீது எஃப்ஐஆர் போடட்டும், முழுதாக விசாரிக்கட்டும். தானாகவே எடுத்து வைத்த ஒருவருக்காகச் செலவாகும் ஸ்டேஷன் நேரம் அந்த விசாரணைக்குப் போகட்டும்.