செயற்கைக் கோள் காண்பது காடா, தழையா?

ஒரு மலைச்சரிவில் யூகலிப்டஸ் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடுத்த பள்ளத்தில் சோலைக்காடு. அதற்கு மேலே புல் போர்த்திய வெளி. அதில் வரையாடுகள் மேய்கின்றன. இம்மூன்றில் எவை காடு என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நம் நாட்டு வனக் கணக்கு முதல் இரண்டையும் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது, புல்வெளியை ஒதுக்கிவிடுகிறது. இது சரிதானா என்று பார்ப்போம்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு காட்டுப் பரப்பை அளந்து 1987 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. 2024 டிசம்பரில் வெளியான 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவின் காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர். அதாவது நிலப்பரப்பில் 21.76 சதவிகிதம். 2021-ஆம் ஆண்டைவிட 156 சதுர கிலோமீட்டர் கூடியுள்ளதாக அறிக்கை கூறுகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் எதை அளந்தார்கள்?

இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உட்கட்டமைப்போ, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஓரிடம் சிவப்பில் 5 சதவிகிதமும் அகச்சிவப்பில் 45 சதவிகிதமும் திருப்பினால், 40-ஐ 50-ஆல் வகுக்க 0.8 வரும். அங்கே தழை அடர்த்தி. வெறும் மண் 20-ம் 25-ம் திருப்பினால் 0.11 மட்டுமே வரும்.

கருவி தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் அது காண்பது தழையை. அந்தத் தழை நூற்றாண்டுகள் கண்ட சோலையினுடையதா, பத்தாண்டு கழித்து வெட்டப்போகும் தோட்டத்தினுடையதா என்று இந்த எண் சொல்லாது. 1 எக்டேருக்குக் குறையாத நிலத்தில், மரத்தழை 10 சதவிகிதமாவது மூடியிருந்தால், நிலம் யாருடையதானாலும், மரம் எதுவானாலும் அது காட்டுப் பரப்பு என்பதே அறிக்கையின் வரையறை. ஆகவே பழத்தோட்டமும் மூங்கிலும் தென்னந்தோப்பும்கூட அதில் அடங்கும்.

நிறுவனம் இந்த வரையறையை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே அச்சிடுகிறது. அடர்த்தியின்படி மூன்று வகையாகவும், வனப் பதிவேட்டு எல்லைக்கு உள்ளே, வெளியே என்றும் பிரித்துத் தருகிறது. பாராட்டத்தக்கதே. ஆயினும் எல்லைக்கு உள்ளேயும் யூகலிப்டசும் வாட்டிலும் நட்ட இடங்கள் உண்டு. இயற்கைக் காடு எவ்வளவு, நட்ட தோட்டம் எவ்வளவு என்று காட்டுப் பரப்பின் மொத்த எண் பிரித்துச் சொல்வதில்லை. ஓரிடத்தில் சோலை அழிந்து வேறோரிடத்தில் தோப்பு வளர்ந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கணக்கில் இழப்பே தெரியாது.

இதன் விளைவு வெறும் ஏட்டளவில் நிற்பதில்லை. பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1973-க்கும் 2014-க்கும் இடையே இயற்கைப் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த இடத்தை மரத் தோட்டங்களும் விவசாயமும் பிடித்துக்கொண்டன. மழை நீரைத் தேக்கி ஓடைகளுக்கு மெல்லக் கசியவிட்ட புல்வெளியின் மீது மரம் நின்றால், நம் கணக்கில் அது காட்டின் வளர்ச்சி!

ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆய்வும் செயற்கைக் கோள் படங்களைக் கொண்டே செய்யப்பட்டது. கருவி ஒன்றே, கேட்ட கேள்விதான் வேறு.

பிரேசிலும் வேறு கேள்வி கேட்டது. அமேசானில் பழைய காடு எங்கே வெட்டப்பட்டது என்பதை அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. ஒருமுறை வெட்டிய இடத்தில் பிறகு மரம் முளைத்தாலும் அது பழைய காடாகக் கணக்கில் திரும்புவதில்லை. 2004-இல் விரைந்து எச்சரிக்கும் முறையும் சேர்ந்தது. அதைக் கொண்டு அதிகாரிகள் நேரே சென்று நடவடிக்கை எடுத்தனர். பிற சட்ட நடவடிக்கைகளும் துணை நின்றன. 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டு அழிவு, 2012-இல் 4,571 ஆகக் குறைந்தது.

நமக்கும் இது இயலாததன்று. இயற்கைக் காடு, நட்ட தோட்டம், இயற்கைப் புல்வெளி என மூன்று தனிப் பத்திகள் வேண்டும். எந்த இடத்தில் எது குறைந்தது என்பதை யாரும் சரிபார்க்கும்படி வரைபடம் வெளியிட வேண்டும். படத்தில் ஐயம் எழும் இடத்துக்கு ஆள் நடந்து சென்று பார்க்க வேண்டும். மரத்தின் பெயரை விண்ணிலிருந்து அறிவதைவிட அடியில் நின்று அறிவது எளிது.

மாணவ நண்பர்களே, சோதனைச் சாலையில் அளவைக் குறிக்குமுன் எதை அளக்கிறோம் என்று எழுதச் சொல்கிறோம் அல்லவா? காடு பெருகியது என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்: பெருகியது எது, எங்கே, எதன் இடத்தில்?