ஒளிரும் சுவரை எவ்வளவு நம்பலாம்?

மூளை ரத்தக்குழாயில் குமிழ்போலப் புடைக்கும் அனியூரிசம், வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேரிடம் இருக்கிறது. பெரும்பாலானவை ஆயுள் முழுதும் வெடிப்பதில்லை; வெடித்தவை பலரைக் கொன்றுவிடுகின்றன. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராம், ரத்தம் ஓடும் உட்புறத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. ஆனால் வெடிப்பது சுவர். கடோலினியம் ஊசி போட்டு, ஓடும் ரத்தத்தைக் கறுப்பாக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அந்தச் சுவரையே பார்க்க முயல்கிறது. அழற்சி கண்ட சுவரில் மருந்து கசிந்து தங்கினால் அது வெள்ளையாக ஒளிரும். வெடித்த அனியூரிசங்களின் திசுவில் அழற்சி அணுக்கள் மிகுந்திருப்பதால் இதற்கு அடிப்படை உண்டு. ஆனால் இந்தப் படம் ‘பொறுத்திருக்கலாம்’ என்று சொல்ல உதவும் அளவுக்கு, ‘உடனே அறுவை’ என்று சொல்ல உதவாது.

2014இல் ‘ஸ்ட்ரோக்’ இதழில் எட்லாலி குழுவினர் வெளியிட்ட எண்களே இதைக் காட்டுகின்றன. நிலைகுலைந்த 31 அனியூரிசங்களில் 27இல் சுவர் முழுவட்டமாக ஒளிர்ந்தது. நிலையாக இருந்த 77இல் 22 ஒளிர்ந்தன. இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒளிராத 59இல் 55 நிலையானவை. ஒளிர்ந்த 49இலோ கிட்டத்தட்ட பாதி நிலையானவை. நிலைகுலைந்தவை இதைவிட மிக அரிதாக இருக்கும் வெளி உலகில், ஒளிர்பவற்றில் பெரும்பகுதி அமைதியானவையாகவே இருக்கும். மேலும், ‘நிலைகுலைந்தவை’ கணக்கில் ஏற்கெனவே வெடித்தவையும் சேர்ந்திருந்தன. அங்கே ஒளிர்வு வெடிப்புக்குக் காரணமா, விளைவா என்று ஒரே ஒரு முறை எடுத்த படம் சொல்லாது. பெரிய குமிழ்கள் அதிகம் ஒளிர்கின்றன. அளவு முன்பே தெரிந்திருக்க, ஒளிர்வு அதையே மறுபடி சொல்லக்கூடும். குமிழுக்குள் ரத்தம் மந்தமாகச் சுழன்றாலும் ஓரம் பொய்யாக வெளுக்கும்.

‘சந்தேகம் வந்தாலே அடைத்துவிடலாமே, வெடித்தால் உயிரல்லவா போகும்’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் குமிழை அடைக்கும் கிளிப்பும் காயிலும் தாமே பக்கவாதத்தை உண்டாக்கலாம். வெடிக்காத ஒன்றுக்காக நல்ல உடம்பில் அந்த ஆபத்தை ஏற்றக் கூடாது. அப்படியானால் படமே வேண்டாம், ‘ஃபேசஸ்’ மதிப்பெண் போதும் என்பார்கள். வயது, ரத்த அழுத்தம், அளவு, இடம் முதலியவற்றைக் கூட்டும் அந்தக் கணக்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் நோயாளிகளிடம் உருவானது. நம்மவர் அதில் இல்லை. எனவே படம் வேண்டும், தனித் தீர்ப்பாக மட்டும் வேண்டாம்.

கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு மலையிறங்க வேண்டிய ஒரு காப்பித்தோட்டத் தொழிலாளியை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் எடை புரியும். ‘சுவர் ஒளிரவில்லை’ என்ற முடிவு, மற்ற அபாயங்களும் குறைவாக இருந்தால், கூலி இழந்து மலையிறங்கும் நாட்களைக் குறைக்க மருத்துவருக்குத் துணிவு தரும். ‘ஒளிர்கிறது’ என்ற வெறும் வரி அச்சத்தையும் கடனையுமே தரும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவரும் பிரஷர் மாத்திரையும், பீடியை நிறுத்துவதும், படம் எப்படி வந்தாலும் தேவை. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒளிர்வு முழுவட்டமா, ஒரு பகுதியா, மந்த ஓட்டத்தின் சாயலா, முந்தைய படத்தைவிடக் கூடியதா என்பதெல்லாம் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அடுத்த படமும் அதே வகை இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கப்பட வேண்டும்.