க்ரெட்ச்மர்: இருளை நம்பிய தளபதி

ஜெர்மானிய நீர்மூழ்கித் தளபதி ஓட்டோ க்ரெட்ச்மர் இரண்டாம் உலகப் போரில் ஒன்றரை ஆண்டுதான் கடலில் போரிட்டார். அதற்குள் இரண்டரை லட்சம் டன்னுக்கும் மேலான கப்பல்களை மூழ்கடித்தார். அந்தப் போர் முடியும்வரை வேறெந்த நீர்மூழ்கித் தளபதியும் இந்த அளவை எட்டவில்லை.

காவல் கப்பல்களோடு அணியாகச் செல்லும் சரக்குக் கப்பல் கூட்டமான கான்வாய்க்கு வெளியே நின்று, தூரத்திலிருந்து பல டார்பிடோக்களை விசிறிபோல் ஏவுவதே அன்றைய வழக்கம். க்ரெட்ச்மரோ இரவில் நீர்மேல் மிதந்தபடியே காவல் கப்பல்களைத் தாண்டிச் சரக்குக் கப்பல்களின் வரிசைகளுக்குள் நுழைந்தார். பக்கத்தில் போய், ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ என்று ஏவினார். அவருடைய நீர்மூழ்கிப் படகான யு-99 நீருக்குள் ஊர்ந்துதான் செல்லும். நீர்மேல் மணிக்கு 17 கடல் மைல் ஓடும். பிரிட்டனின் ஆஸ்டிக் கருவி தேடியது நீருக்கடியில். மிதக்கும் படகு அதற்குத் தப்பியது. 1940 அக்டோபரில் எஸ்சி 7 கான்வாயின் 35 கப்பல்களில் 20 அழிந்தன. அவற்றில் ஆறு அவர் கணக்கு.

ஆனால், இந்தச் சிக்கனம் பெரிய கப்பல்களிடம் பலிக்கவில்லை. 1940 நவம்பரில் லாரென்டிக், பேட்ரோக்ளஸ் என்ற இரு ஆயுதக் கப்பல்களை மூழ்கடிக்கப் பல டார்பிடோக்கள் செலவாயின. லாரென்டிக்கில் தத்தளித்தவர்களை மீட்டுக்கொண்டிருந்தபோதுதான் பேட்ரோக்ளஸ் தாக்கப்பட்டது. இலக்கு போர்க்கப்பல்தான், ஆனாலும் அவருடைய திறமையைப் புகழ்வோர் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடுத்தது அவருடைய மௌனம். வானொலியை அவர் அதிகம் தொடமாட்டார். எதிரி அவர் இருப்பிடத்தை அறிய முடியாததால் அது அவருக்கு லாபம். ஆனால் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸின் கூட்டுத் தாக்குதல், படகுகள் அனுப்பும் செய்தியை நம்பியே நடந்தது. க்ரெட்ச்மர் கடைசியாகத் தாக்கிய எச்எக்ஸ் 112 கான்வாயைக் கண்டு அறிவித்தது யு-110. எல்லோரும் அவரைப்போல வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கே இரை கிடைத்திருக்காது.

1941 மார்ச் 17 அதிகாலை, டார்பிடோக்கள் தீர்ந்து யு-99 திரும்பும் வழியில், நாசகாரிக் கப்பலைக் கண்ட படகின் காவல் அதிகாரி அதை நீருக்குள் இறக்கினார். படகு ஆஸ்டிக்கில் சிக்கியது. வாக்கர் என்ற அந்த நாசகாரிக் கப்பலின் ஆழவெடிகள் அதை மேலே வரவைத்தன, க்ரெட்ச்மர் சிறைப்பட்டார். மூழ்காமல் இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று வாதிடுவதுண்டு. அது வலுவற்ற வாதம். அதே இரவில் மற்றொரு ஜெர்மானியத் தளபதியான ஷெப்கேயின் யு-100 நீர்மேல்தான் இருந்தது. வேனாக் என்ற பிரிட்டிஷ் கப்பல் அதை ராடாரில் கண்டு மோதி அழித்தது. இருளும் இனிக் காவல் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

க்ரெட்ச்மரின் துணிவும் கணிப்பும் உண்மை. ஆனால் அவருடைய முறை எதிரிக்கு இருளில் கண் தெரியாதவரைதான் செல்லுபடியாகும். மூழ்கடித்த டன் கணக்கை வைத்து நாயகர்களைக் கொண்டாடிய ஜெர்மானியத் தலைமை, அந்தக் காலக்கெடு முடிந்த பிறகும் படகுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. நீர்மூழ்கிகளில் பணியாற்றிய சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டார்கள்.